அம்மம்மாவின் கல்வெட்டு: அச்சகத்துக்கு எத்தனை மார்க்?

கல்வெட்டு, அதாவது செத்தவரின் நினைவாக 31ஆம் நாள் வந்தவர்களுக்குக் கொடுக்கும் சின்னப் புத்தகம், அடிக்க எந்த அச்சகம் நல்லது என்று என்னிடம் கேட்டால், அட்டை மினுங்குகிறதா, எத்தனை நிறத்தில் அடிப்பார்கள் என்பதையெல்லாம் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் விசாரிக்கச் சொல்வேன்: அங்கே பிழை பார்க்கத் தெரிந்த ஆள் இருக்கிறாரா? அம்மம்மாவின் 31ஆம் நாளுக்கு நாங்கள் கல்வெட்டு அடித்த இடத்தில் அப்படி ஒருவர் இருந்தார். அவர் இல்லாவிட்டால் நான் இதை வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

யாழ் நகருக்குள் ஓர் ஒழுங்கையில் இருக்கும் சின்ன அச்சகம். குறைகளும் எழுதப் போவதால் பெயர் வேண்டாம். முன்னுக்கு ஒரு மேசையும் இரண்டு கணினியும். பின்னுக்கு ஓப்செற் இயந்திரம். கலியாணக் கார்டும் நினைவு மலரும் சுவரில் ஒரே கம்பியில் தொங்கும். முதலாளி காசு விஷயம் மட்டும் கதைப்பார். கணினியில் ஒரு பெடியன். மூலையில், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வயதான ஐயா ஒருவர் இருப்பார். அந்தக் காலத்தில் ஈய எழுத்துக் கோத்தவர். பிழை பார்ப்பது அவர்தான்.

முதலில் நேரக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். செத்தவீடு நடந்து எட்டுச் செலவுச் சடங்கு முடியும் வரை வீட்டில் ஒருவருக்கும் மூளை வேலை செய்யாது. பிறகு திடீரென்று எல்லோருக்கும் கல்வெட்டு ஞாபகம் வரும். கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை முடிந்து, 31ஆம் நாள் வீட்டுக்கிருத்தியப் பந்தியில் இருந்து எழும்புகிறவர்கள் கையில் அது இருந்தாக வேண்டும். ஆக, எழுத, படம் தேட, வெளிநாட்டில் இருப்பவர்களிடம் சம்மதம் வாங்க, அச்சடிக்க எல்லாவற்றுக்கும் கிடைப்பது மூன்று கிழமை. இந்த அச்சகம் சொன்ன திகதிக்குத் தரவில்லை. 31க்கு முதல் நாள் பின்னேரந்தான் தந்தது, அதுவும் மை காய்ந்தும் காயாமலும். அட்டை விரலில் ஒட்டியது. நேரத்துக்கு மார்க் குறைக்கிறேன்.

இனி எழுத்து. பெடியனிடம் ஒரு ‘மாதிரி’ இருக்கிறது. பெயரையும் ஊரையும் மாற்றினால் கல்வெட்டு ரெடி. அம்மம்மாவின் வாழ்க்கை வரலாறு என்று வாட்ஸ்அப்பில் முதலில் வந்தது, “அன்பின் உறைவிடமாய், பண்பின் சிகரமாய், விருந்தோம்பலின் விளைநிலமாய்” என்று தொடங்கியது. இதே வசனம் பக்கத்து வீட்டுத் தாத்தாவின் கல்வெட்டிலும் இருந்தது. தாத்தா தன் படலைக்குள் ஆளை விடாத மனிசன்.

அதைவிடப் பெரிய கூத்து திதி வெண்பாவில். கல்வெட்டில் அது நாலே அடி. ஆனால் வருடா வருடம் பயன்படப் போவது அது மட்டுந்தான். வருடப் பெயர், மாதம், பட்சம், திதி, போனவரின் பெயர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். இங்கிலீசுத் திகதியை வைத்துத் திவசம் செய்ய முடியாது. நாளைக்கு ஒரு பேரப்பிள்ளை திதி தேடினால் எடுத்துப் பார்க்கிற இடம் அந்த வெண்பாதான். அம்மம்மா போனது குரோதி வருடம், தை மாதம், அபரபக்கச் சப்தமி. வந்த வெண்பாவில் சோபகிருது என்று கிடந்தது. அதற்கு முந்தின வருடம் போன யாரோ ஒருவருடைய வெண்பாவில் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். மாற்றிய பெயரால் தளையும் தட்டியது. ஐயா அதை வாசித்துவிட்டுப் பெடியனைப் பார்த்த பார்வை இருக்கிறதே! பிறகு ஒரு கடுதாசித் துண்டை எடுத்து, பென்சிலால் சீர் பிரித்துக் கோடு போட்டுக்கொண்டே புதிதாக ஒன்று எழுதித் தந்தார். அதற்குத் தனிக் காசு கேட்கவில்லை.

படத்துக்கு வருவோம். அம்மம்மாவைத் தனியாக எடுத்த நல்ல படம் எங்களிடம் கிடையாது. ஒரு கலியாண வீட்டுக் குழுப் படத்தில் இருந்துதான் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. பெடியன் கெட்டிக்காரன், பின்னால் நின்ற ஐஸ்கிறீம் வானை அழித்துவிட்டு நீல வானம் போட்டான். அந்தக் கையோடு முகத்தை மெழுகி, நெற்றியையும் துடைத்துவிட்டான். மூன்று குறி விபூதியை ஏதோ வெளிச்சம் பட்ட தழும்பு என்று நினைத்தானாம்.

விபூதி இல்லாத அம்மம்மாவை ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட நான் கண்டதில்லை. முழுகிவிட்டுக் கிணற்றடியில் இருந்து வரும்போதே ஈரக்கை விபூதிக் குடுவையைத் தேடும். மூன்று விரலையும் ஒன்றாக நனைத்து ஒரே இழுப்பு. பூசும்போது ஒன்றும் தெரியாது. ஈரம் காயக் காயக் குறி வெள்ளையாகத் தெளிந்து வரும். நடுக்குறி மட்டும் முடிகிற இடத்தில் கொஞ்சம் கீழே சரியும். தேங்காய் துருவுகிற திருவலை வெட்டி, சரியாக மடங்காமல் போன விரல் அது. அந்தச் சரிவை அசல் படத்தில் இருந்து அப்படியே எடுத்துப் போடச் சொன்னோம். முகம் சுழிக்காமல் செய்து தந்தான், அதைச் சொல்ல வேண்டும். ஆனால் தோலின் நிறத்தை மட்டும் கடைசி வரை அவனால் விட முடியவில்லை. 86 வயதில் போனவருக்கு அட்டையில் 60 வயது முகம்.

மாதிரியில் பஞ்சபுராணமும் ஆயத்தமாக இருக்கும்: தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, புராணம், பிறகு திருப்புகழும் வாழ்த்தும். இந்த அச்சகத்தில் அடித்த பல கல்வெட்டுகளில் அதே பாட்டுகள்தான். நாங்கள் தேவாரத்தை மாற்றக் கேட்டோம். அம்மம்மா சாமியறையில் முதலில் எடுப்பது சுந்தரரின் திருக்கேதீச்சரப் பதிகம், பாலாவியின் கரை வருகிற அந்தப் பதிகம். சிவராத்திரிக்கு மன்னார்த் திருக்கேதீச்சரம் போனால் பாலாவித் தீர்த்தத்தில் தண்ணீர் மொண்டு வந்து எங்கள் கையாலேயே லிங்கத்துக்கு ஊற்றலாம். அதற்கென்று ஒரு பித்தளைச் செம்பு வைத்திருந்தார். வீட்டில் வேறு எதற்கும் அந்தச் செம்பைத் தொட முடியாது. சண்டைக் காலத்தில் மன்னார்ப் பக்கம் போக வழி இல்லாத வருடங்களில், சிவராத்திரி இரவு கிணற்றுத் தண்ணீரை அதில் நிரப்பிச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, அந்தப் பதிகத்தையே விடிய விடியத் திரும்பத் திரும்பப் பாடுவார். நித்திரை தூங்குகிறவர்களுக்குத் தொடையில் ஒரு தட்டும் விழும். ஐயாவிடம் இதைச் சொன்னபோது, அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முழுப் பதிகத்தையும் புத்தகம் பாராமல் சொன்னார். பெடியன் அதைக் கேட்டுத்தான் தட்டினான்.

இவ்வளவு தெரிந்த ஐயாவின் கண்ணுக்கும் ஒன்று தப்பியது. வாழ்த்தில் ‘வான்முகில் வழாது பெய்க’ என்பது ‘வாழாது பெய்க’ என்று வந்திருந்தது. ஒரு கால் கூடினால் மழையே நின்றுவிடும். அம்மாதான் கண்டுபிடித்தார், அதுவும் கடைசிப் படியில். ஆறுமுக நாவலர் 1849இல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கி வந்து, வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் வைத்து, சுத்தப் பதிப்புக்குப் பேர் எடுத்த ஊர் இது. அவர் இருந்திருந்தால் இந்த ஒரு காலுக்காகவே ஒரு கண்டனம் எழுதியிருப்பார்.

இந்தப் பிழைகளுக்குப் பாதிக் காரணம் எழுத்துரு. நாங்கள் கைபேசியில் யூனிகோட்டில் தட்டி அனுப்புகிறோம். அச்சகத்தில் இன்னும் பழைய பாமினி எழுத்துரு. ஒன்றை மற்றதாக மாற்றும்போது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய்விடும். ‘ஸ்ரீ’ வெறும் பெட்டியாகும். கைபேசித் திரையில் பார்த்துவிட்டு “ஓம், சரி” என்று சொல்லிவிடாதீர்கள். கடுதாசியில் படி எடுத்து, ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர் மூலத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டும். இங்கே படி எடுத்துத் தர அவர்கள் முணுமுணுக்கவில்லை. வேறு சில இடங்களில் அதற்கும் காசு வைக்கிறார்கள்.

வம்ச விருட்சப் பக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. ரொறன்ரோவில் மாமா, லண்டனில் பெரியம்மா, இங்கே நாங்கள். எல்லோரும் தனித்தனியே அச்சகத்துக்குக் குரல் பதிவு அனுப்ப, முதலாளி ஒருநாள் “உங்கட பக்கத்தில ஒரு ஆள் மட்டும் கதையுங்கோ” என்று சொல்லிவிட்டார். நியாயமான பேச்சு. அதற்குப் பிறகும் ஒரு மருமகளின் முதலெழுத்துப் பிழையாகத்தான் வந்தது.

வாழ்க்கை வரலாற்றை ‘உறைவிடம், சிகரம்’ எல்லாவற்றையும் வெட்டிவிட்டு நாங்களே எழுதினோம். ஏழாலையில் பிறந்தது, கோண்டாவிலில் வாழ்க்கைப்பட்டது, மூன்று பிள்ளை, இளம் வயதில் தாலியை இழந்தது. கந்தசஷ்டி ஆறு நாளும் பச்சைத் தண்ணீரோடு இருந்தது. கோயிலில் கந்தபுராணப் படிப்பு நடந்தால் பாட்டுக்குப் பொருள் விரித்துப் பயன் சொல்லுகிறவர் எங்கேயாவது சறுக்கும்போது பெண்கள் பக்கத்தில் இருந்து ஒரு செருமல் கேட்கும். அது அம்மம்மாதான் என்று ஊருக்கே தெரியும். இதையும் போட்டோம். முதலாளி, “கல்வெட்டில பகிடி வருமோ?” என்று கேட்டார். வரலாம் என்று ஐயா தீர்ப்புச் சொன்னார்.

அம்மாவின் தாத்தாவுக்கு அடித்த பழைய கல்வெட்டு ஒன்று வீட்டில் இருக்கிறது. மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று தலைப்புப் போட்டுப் பக்கம் பக்கமாகப் பாட்டு. இன்றைக்கு வாசிக்கப் பொறுமை வேண்டும். ஆனால் அவர் எந்தக் கேணியை இறைப்பித்தார், எந்தக் கோயிலுக்கு எந்தத் திருவிழா செய்தார் என்று அந்தப் புலம்பலுக்குள் எல்லாம் இருக்கிறது. அந்த ஒருவருக்கு மட்டும் பொருந்தும் பாட்டு. அந்த விதத்தில் நாங்கள் தேய்ந்துதான் போயிருக்கிறோம், நிறம் மட்டும் கூடியிருக்கிறது.

சரி, இந்தக் கல்வெட்டின் உண்மையான விசேஷத்துக்கு வருகிறேன். நடுவில் கம்பி அடிக்கிற புத்தகம் என்பதால் பக்கங்கள் நாலின் மடங்கில்தான் வர வேண்டும். எங்களுடையது 33இல் நின்றது. மூன்று பக்கம் மிச்சம். “வீட்டு வைத்தியக் குறிப்புப் போடுவம், சனம் விரும்பி வாசிக்கும்” என்றார் முதலாளி. அன்று பின்னேரம் அம்மா அலுமாரியில் இருந்து அம்மம்மாவின் தடித்த அட்டை போட்ட சீ.ஆர். கொப்பியை எடுத்து வந்தார்.

அது நேர்த்திக் கொப்பி. கடைக்காரர் கடன் எழுதுகிற மாதிரி, யாருக்காக, எந்தத் தெய்வத்துக்கு, என்ன நேர்ந்தது என்று ஒவ்வொரு வரி. தீர்த்த பிறகு வரியின் மேல் ஒரு கோடும், பக்கத்தில் மாதமும் வருடமும். ‘மூத்தவனுக்குக் காய்ச்சல். சந்நிதியில் கற்பூரச்சட்டி.’ கோடு. சந்நிதி என்றால் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதி முருகன் கோயில். ‘பெரியவள் சோதினை பாஸ் பண்ண வேணும். நல்லூரில் அடியழிப்பு.’ கோடு. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஆண்கள் வீதியில் உருண்டு பிரதட்டை பண்ண, பெண்கள் அடிக்கு அடி விழுந்து கும்பிட்டு அடியழிப்பார்கள் இல்லையா, அந்த வெண்மணலில் சோதினைக்காரிக்குப் பதிலாக விழுந்து எழும்பியது தாய். ‘சின்னவளுக்குப் பிள்ளை வேணும். நயினை அம்மன்.’ கோடு. அந்தக் கோடு நான். கைக்குழந்தையாக என்னைக் குறிகட்டுவானில் வள்ளம் ஏற்றி நயினாதீவுக்குக் கொண்டுபோன கதையை அம்மா இன்னும் சொல்லுவார்.

1995 ஐப்பசி வரியில் பேனா மை கலங்கியிருக்கிறது. ஒக்ரோபர் 30 இரவு சண்டைக்குப் பயந்து வலிகாமப் பகுதியே எழும்பி நாவற்குழிப் பாலத்தைத் தாண்டி நடந்தபோது அம்மம்மாவின் பையில் இருந்தவை சாமிப் படம், செம்பு, இந்தக் கொப்பி. மாற்றுச் சீலையை அம்மா வேறு பையில் வைத்ததால் தப்பியது. தென்மராட்சியில் மட்டுவிலில் போய்த் தங்கினார்கள். அங்கே இருந்து எழுதியது: ‘வீட்டுக்குத் திரும்பினால் பன்றித்தலைச்சி அம்மனுக்குப் பங்குனித் திங்கள் பொங்கல்.’ 1996 சித்திரையில் திரும்பினார்கள். அந்த வருடத்துப் பங்குனி அதற்குள் போய்விட்டது. கோட்டுக்குப் பக்கத்தில் ‘1997 பங்குனி’ என்று இருக்கிறது. வீட்டுக் கூரையைப் போட முதல் அந்தப் பொங்கல்.

இவற்றைத் தட்டிப் போடுவோம் என்றுதான் நாங்கள் நினைத்தோம். ஐயாதான் மறித்தார். “தட்டாதீங்கோ பிள்ளை. ஸ்கான் பண்ணிப் போடுங்கோ. அவ எழுதின மாதிரியே கிடக்கட்டும்.” பெடியன் அதை நன்றாகச் செய்தான். தாளின் மஞ்சளை எடுத்து எழுத்தைக் கறுப்பாக்கி, கோடுகள் கோடுகளாகவே தெரிகிற மாதிரி. கறுப்பு வெள்ளைப் பக்கத்தில் இவ்வளவு தெளிவாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இந்த மூன்று பக்கத்துக்காகவே இவர்களுக்கு நான் முழு மார்க் போடுவேன்.

ஆனால் அதில் ஒரு வரிக்குக் கோடு இல்லை. ‘மூத்தவன் கனடா போய்ச் சேர வேணும். சேர்ந்தால் அவன் கையால் சந்நிதிக்குக் காவடி.’ மாமா போய்ச் சேர்ந்தார். திரும்பி வரவில்லை. முதலில் விசா, பிறகு வேலை, பிறகு பிள்ளைகளின் படிப்பு, பிறகு முதுகு. “ஊர் பார்க்கிற புத்தகத்தில இது ஏன்?” என்று பெரியம்மா லண்டனில் இருந்து அழாக்குறையாகச் சொன்னார். அந்த வரியை மட்டும் மறைக்கலாமா என்று பெடியனிடம் கேட்டோம்; அவனுக்கு அது ஒரு நிமிட வேலை. அச்சகம் காத்துக்கொண்டு இருந்தது. கடைசியில் மாமாவிடம் இருந்து ஒரு குரல் பதிவு வந்தது, சின்னது: “போடுங்கோ. அம்மா பொய்யே எழுதி வைச்சிருக்கிறா?”

பந்தி முடிந்ததும் வழக்கமாகக் கல்வெட்டால் விசிறிக்கொண்டு இருக்கும் ஆட்கள், அன்றைக்கு விறாந்தையில் கடைசிப் பக்கங்களை வாசித்துக்கொண்டு இருந்தார்கள். ஊரின் பழைய ஆச்சிமார் இரண்டு பேர் ஒவ்வொரு வரிக்கும் தங்கள் கதையைச் சேர்த்தார்கள். வைத்தியக் குறிப்புப் போட்டிருந்தால் இஞ்சியும் திப்பிலியும் கதைத்திருப்பார்கள்.

காசு: 36 பக்கம், அட்டை மட்டும் நிறம், 300 பிரதி. ஒன்றுக்கு ஏறக்குறைய 350 ரூபாய் விழுந்தது. மலிவு என்று சொல்ல மாட்டேன். விலை கேட்டால் முதலாளி, 2022இல் கடுதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போன கதையில் இருந்து தொடங்குவார். உள்தாள் தடிப்பு போதும், பின்பக்கத்து எழுத்துத் தெரியவில்லை. கம்பி ஒரு சில பிரதிகளில் சரிந்து அடித்திருக்கிறது. பிடிஎஃப் கோப்பைக் கேட்டவுடன் தந்தார்கள். அதை நூலகம் நிறுவனத்துக்கு அனுப்புவதாக இருக்கிறோம். நினைவு மலர்களையும் அவர்கள் மின்னூலாக்கி இணையத்தில் வைக்கிறார்கள். உங்கள் வீட்டில் பழைய கல்வெட்டு கிடந்தால் கறையான் அரிக்க முதல் அதையும் கொடுக்கலாம்.

போகிறவர்கள் மாதிரியைக் காட்டச் சொல்லாமல் சொந்தமாக எழுதிக்கொண்டு போங்கள். ஐயா காலையில்தான் இருப்பார். படம் கொடுக்கும்போது நெற்றியைத் தொட வேண்டாம் என்று பெடியனிடம் வாயால் சொல்லுங்கள்.

நாங்கள் இரண்டாம் முறையும் அங்கேதான் போகிறோம். மாமா ஆவணியில் சந்நிதித் திருவிழாவுக்கு வருகிறாராம், அதற்கு முன் இன்னும் 100 பிரதி வேண்டுமாம். தகடு கிடக்கிறது, முதலெழுத்துப் பிழையையும் திருத்தி ஒரு கிழமையில் தரலாம் என்கிறார் முதலாளி. மாமாவிடம் நான் இரண்டு கிழமை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.